பழைய மோட்டார் வீடும் அதன் பெட்ரோல் எஞ்சினும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பது நம் முன்னோர் மொழி. ஆனால், விலைகொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பாராதவனை அவர்கள் அறிவுடையோன் என்று கருதினாரில்லை. சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், நாலடி நடத்தியும் பார்ப்பான், அதன் பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவான். உயிரற்ற யந்திரத்தை வாங்கும்பொழுதோ மனிதன் பெரும்பாலும் மேற்பூச்சையும் மெத்தையையும் கண்டு மயங்கிவிடுகின்றான். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கைமாறி விற்கப்படும் மோட்டார் வீடுகளின் செய்தி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவ்வண்டிகளின் பெட்ரோல் எஞ்சின்கள் எத்துணை நம்பத்தக்கவை, அவை கெடுவது எதனால், வாங்குவோன் அதனை அறிவது எவ்வாறு என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

மோட்டார் வீடு என்பது யாதெனில், படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அமைந்த ஒரு சிறு வீட்டைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, தன் எஞ்சினாலேயே தானாக ஓடும் வண்டியாகும். அயோவா மாகாணத்தில் பாரஸ்ட் ஸிட்டி என்னும் சிற்றூரிலுள்ள வின்னபேகோ கம்பெனியார் 1966ஆம் ஆண்டு முதல் இவற்றைத் தொழிற்சாலை முறையிற் செய்யத் தொடங்கியபின், இவ்வழக்கம் அந்நாட்டில் விரைந்து பரவிற்று. அமெரிக்கர் பெட்ரோலைக் கேஸோலின் என்றும், சுருக்கமாகக் கேஸ் என்றும் வழங்குவர். ஆதலால் அவர்கள் ‘கேஸ் எஞ்சின்’ என்பது பெட்ரோல் எஞ்சினையே. அடுப்பெரிக்க அவ்வண்டியில் வேறாகக் கொண்டு செல்லும் வாயுவால் ஓடும் எஞ்சினை அன்று. இவ்வேறுபாட்டை நேயர்கள் முதலிலேயே மனத்திற் கொள்வார்களாக.

இவ்வண்டிகளைப் பழைய நிலையில் வாங்குவோர் யாவர்? பெரும்பாலும் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற முதியோர். பெட்ரோலால் ஓடும் பெரிய மோட்டார் வீடு ஒன்று புதிதாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை பெறும். ஆகவே, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த வண்டியையே அவர்கள் நாடுகின்றனர். சிலர் குடியிருந்த வீட்டையும் விற்றுவிட்டு, அப்பணத்தில் ஒரு பகுதியை இதில் இட்டு, எஞ்சிய நாட்களை இதிலேயே கழிக்கப் புறப்படுவர். அன்னோர்க்கு எஞ்சின் பழுதாவது பிரயாணத்தில் நேரும் சிறு தடையன்று. குடியிருக்கும் வீடே வழியில் நின்றுவிடுவதாகும். பழுது பார்க்குமிடத்தில் வண்டியை விட்டுவிட்டால் அன்றிரவு தலைசாய்க்க வேறிடம் தேட வேண்டும். ஆதலின் இது விளையாட்டாக எண்ணிக் கடந்துபோகும் விஷயமன்று.

இனி எஞ்சினுக்கு வருவோம். மோட்டார் வீட்டைச் செய்வோர் வேறு, அதன் எஞ்சினைச் செய்வோர் வேறு. சட்டம், சக்கரம், எஞ்சின் மூன்றும் சேர்ந்த அடிப்பாகத்தைப் போர்டு அல்லது ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெருங் கம்பெனியார் செய்து அனுப்புவர். வீடு கட்டுவோர் அதன்மேல் வீட்டை அமைப்பர். அந்த எஞ்சினோ மோட்டார் வீட்டுக்கென்றே பிறந்ததன்று. சுமை லாரிகளிலும் தொழில் வண்டிகளிலும் உழைக்கும் அதே இனத்தைச் சேர்ந்தது. இதனால் விளையும் நன்மை பெரிது. உதிரி உறுப்புக்கள் நாடெங்கும் அகப்படும். அதன் குணங்குற்றங்களை அறிந்த மெக்கானிக்கும் சிற்றூரிலேகூட இருப்பான்.

அதே எஞ்சினாயினும் அதற்கு இங்கே வாய்க்கும் வேலை கடினமானது. இதனைக் கணக்கினால் விளக்குவோம். ஒரு மோட்டார் வீடு 20,000 இராத்தல் எடையுள்ளது என்று கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பெரிய வண்டிகளுக்கு இஃது இயல்பான எடையே. நூறடிக்கு 6 அடி ஏறும் மலைச் சாலையில் அதனை மேலே தள்ளுவதற்கு மாத்திரம் 1,200 இராத்தல் விசை வேண்டும். மணிக்கு 50 மைல் வேகம் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 73 அடி. ஒரு குதிரைச் சக்தியாவது வினாடிக்கு 550 அடி-இராத்தல் வேலை. பெருக்கி வகுத்துப் பார்த்தால், ஏற்றத்திற்கு மட்டுமே சுமார் 160 குதிரைச் சக்தி செலவாகின்றது. சுவரைப்போல் நிமிர்ந்த அதன் முகப்பு காற்றைப் பிளந்துகொண்டு செல்வதற்கும், சக்கரங்கள் உருளுவதற்கும் இன்னும் 60 அல்லது 70 குதிரைச் சக்தி தேவைப்படும். சிறிய கார் இதே சாலையில் தன் வலிமையில் ஒரு பகுதியைக் கொண்டே ஏறிவிடும். மோட்டார் வீடோ தன் முழு மூச்சையும் பிடித்தாலன்றி ஏறாது.

அன்றியும், உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகின்றது. தானே காற்றை உறிஞ்சும் எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் தன் வலிமையில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு இழக்கின்றது. கொலராடோ மாகாணத்திலுள்ள ஐஸன்ஹோவர் சுரங்கச் சாலை கடல்மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கு அதிகமான உயரத்தில் உள்ளது. சமவெளியில் 310 குதிரைச் சக்தி உடைய எஞ்சின் அங்கே 210க்கு அருகில் வந்து நிற்கும். மேலே கணக்கிட்ட தேவையை அதனால் நிறைவேற்ற இயலாது. ஆகவே வேகம் குறையும், கியர் கீழிறங்கும், எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்களுக்கு மேலும் சுழன்று ஓலமிடும். இவ்வோலத்தைக் கேட்டு எஞ்சின் கெட்டுவிட்டது என்று அஞ்சுவோர் பலர். அஃது அறியாமை. அவ்வாறு சுழன்று உழைப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. இறங்கும்போதும் கீழ்க் கியரில் அது முழங்க வேண்டுவதே முறை. அவ்வாறு எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாவிடில், பிரேக்குகள் காய்ந்து பிடியிழக்கும். அஞ்சத்தக்கது ஓசையன்று, ஏறிக்கொண்டே போகும் வெப்பமே.

வெப்பத்தைப் பற்றிச் சிறிது விரிப்போம். பேருந்து போன்ற முகப்புடைய மோட்டார் வீட்டில் எஞ்சினானது ஓட்டுபவனுக்கும் அவன் பக்கத்தில் இருப்பவர்க்கும் நடுவே, ஒரு மூடியின் கீழ் அடைபட்டிருக்கும். காரின் எஞ்சினைப்போல் அது காற்றோட்டமாக இருப்பதில்லை. வெந்த புகை வெளியேறும் இரும்புக் குழாய்க் கூட்டம் மலையேற்றத்தில் செக்கச் சிவந்து, பின்பு குளிர்ந்து, மீண்டும் காய்ந்து, காலப்போக்கில் வளைந்து விரிசல் காணும். அதனைப் பிணைத்திருக்கும் ஆணிகள் ஒடியும். ரப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளின் உறைகளும் வெந்து மொரமொரப்பாகும். பெட்ரோல் செல்லும் குழாயொன்று அவ்விடத்தில் வெடிப்புக் கண்டால் தீப்பற்றவும் கூடும். ஆகவே, எஞ்சினின் வயிற்றைவிட அதனைச் சுற்றியுள்ள உறுப்புக்களே முந்திக் கெடுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டிச் சந்தையில் பெரும்பாலும் காணப்படும் எஞ்சின்கள் சிலவே. 1990களின் இறுதி வரையில் போர்டு வண்டிகளில் 460 கன அங்குலமுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சினும், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 454 கன அங்குல எஞ்சினும் வழங்கின. இரண்டும் கனத்த வார்ப்பிரும்பாலானவை. எளிய அமைப்பும் நீண்ட ஆயுளும் பெரும் பெட்ரோல் பசியும் உடையவை. 454 எஞ்சினில் புகைக்குழாய்க் கூட்டம் வெடிப்பதே எல்லாரும் அறிந்த குறை. அதன்பின் வந்தது 8.1 லிட்டர் எஞ்சின். 2001ஆம் ஆண்டு முதல் ஒர்க்ஹார்ஸ் என்னும் அடிப்பாகங்களிலும் அது பொருத்தப்பட்டது. வலிமையில் அதனைக் குறைகூறுவார் அரியர். ஆயினும் அவ்வினத்துட் சில எஞ்சின்கள் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். எண்ணெயளவை அடிக்கடி பார்த்து ஊற்றுவோன் இதனால் தீங்கடையான், பாராதோன் அடைவான்.

போர்டு கம்பெனியார் 1990களின் பிற்பகுதியில் 6.8 லிட்டர் கொள்ளளவுள்ள பத்துச் சிலிண்டர் எஞ்சினைக் கொணர்ந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க மோட்டார் வீடுகளிற் பலவற்றை இழுத்தது இதுவே. இதன் குறை விசித்திரமானது. சிலிண்டர்த் தலை அலுமினியத்தாலானது. தொடக்க காலத்து எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்கைப் பற்றும் திருகு மறைகள் மிகச் சிலவே இருந்தன. அதனால், நாளடைவில் தளர்ந்த பிளக்கானது மறைகளைப் பிய்த்துக்கொண்டு வெடியோசையுடன் வெளியே தெறிப்பதுண்டு. பின்னர் மூன்று வால்வு அமைப்புடன் வந்த எஞ்சினிலோ குறை தலைகீழானது: இரு துண்டுகளாகச் செய்யப்பட்ட பிளக் உள்ளே கரியேறி இறுகி, கழற்றும்பொழுது ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். முன்னது தானே வெளியேறிற்று. பின்னது அழைத்தாலும் வர மறுத்தது! எனினும் இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. பிய்ந்த மறைக்கு உலோக உறை செருகிப் புதுமறை அமைக்கலாம். ஒடிந்த பிளக்கை எடுப்பதற்கெனத் தனிக் கருவியும் உண்டு. 2020ஆம் ஆண்டளவில் இவ்வெஞ்சினுக்குப் பதிலாக 7.3 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வழக்கிற்கு வந்தது.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இவ்வெஞ்சின்களுள் எதுவும் பிறவியிலேயே நம்பத்தகாததன்று. ஒவ்வொன்றின் குறையும் ஊரறிந்தது. பெரும்பாலும் பணத்தாலும் பொறுமையாலும் தீர்க்கத்தக்கது. அங்ஙனமாயின், பழைய மோட்டார் வீடு வாங்கி இடருற்றோர் பலராயிருப்பது ஏன்? விடை, எஞ்சினின் பெயரில் இல்லை. அது கழித்த நாட்களில் உள்ளது.

விற்போன் முதலில் காட்டுவது மைல் கணக்கு. “பதினைந்து ஆண்டில் 18,000 மைல்தான் ஓடியிருக்கிறது” என்பான். கேட்போனும் மகிழ்வான். நாமோ அவ்விடத்திலேதான் ஐயுற வேண்டும் என்கின்றோம். உழுத கொழு ஒளிரும். மூலையிற் கிடந்த கொழு துருவேறும். எஞ்சினும் அத்தகையதே. நெடுநாள் நிற்கும் எஞ்சினில் சிலிண்டர்ச் சுவரை மூடியிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து கீழிறங்கிவிடும். இரவுபகல் வெப்ப மாறுதலால் உள்ளே பனித்த ஈரம் வறண்ட சுவரில் துருவை உண்டாக்கும். பழைய எண்ணெயில் கலந்துள்ள அமிலங்கள் உலோகத்தை மெல்ல அரிக்கும். எண்ணெய் கசியாது தடுக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்கும். குளிர்நீரிற் கலந்த துருத்தடுப்பு மருந்துக்கள் வலிமையிழக்கும். ரப்பர்க் குழாயும் வாரும் மைலைக் கணக்கிட்டு மூப்பதில்லை. ஆண்டைக் கணக்கிட்டே மூக்கின்றன.

பெட்ரோலும் நெடுநாள் கிடக்கும் பண்டமன்று. எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, எஞ்சியது காற்றோடு கூடிப் பிசினாக இறுகி, எரிபொருள் தெளிக்கும் நுண்துளைகளை அடைக்கும். அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோல் பெரும்பாலும் நூற்றுக்கு 10 பங்கு வரை எத்தனால் என்னும் சாராயம் கலந்தது. அச்சாராயம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீருடன் தொட்டியின் அடியில் தங்கும். இவையன்றி, வீட்டை நாடி வரும் எலிகள் காற்று வடிகட்டியிற் கூடுகட்டி, மின்கம்பிகளைக் கடித்து வைப்பதும் அங்கே அன்றாடச் செய்தி.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சுட்டுதல் வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்திருப்போர் பலர், மாதமொருமுறை எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, பெரிய பராமரிப்புச் செய்துவிட்டதாக எண்ணுவர். பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கின்றது. எஞ்சின் நன்றாகக் காயுமுன் நிறுத்தினால் அந்நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். ஆகவே, அரைகுறையாக எழுப்புவதினும் எழுப்பாது விடுதல் நன்று. எழுப்பினால், அரைமணி நேரமேனும் சாலையில் ஓட்டி, எண்ணெய் முழுதும் சூடேறச் செய்தல் வேண்டும்.

இரண்டு வண்டிகளை மனத்தால் நிறுத்திப் பார்ப்போம். ஒன்று 18,000 மைல் ஓடியது. பதினைந்தாண்டில் பெரும்பகுதி ஒரு கொட்டகையில் நின்றது. எண்ணெய் மாற்றியதற்குச் சீட்டு இரண்டே உள்ளது. மற்றொன்று 70,000 மைல் ஓடியது. ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றிய சீட்டும், குளிர்நீரும் குழாய்களும் புதுப்பித்த சீட்டும், புகைக்குழாய் ஆணிகளைச் சீர்செய்த சீட்டும் வரிசையாக உள்ளன. சந்தையில் முன்னதே அதிக விலை பெறும். மலை வழியிலோ பின்னதே கைகொடுக்கும் என்பது நம் துணிபு. ஓடிய வண்டியின் குற்றங்கள் வெளிப்பட்டுத் தீர்க்கப்பட்டிருக்கும். நின்ற வண்டியின் குற்றங்களோ புதிதாய் வாங்கியவனுக்காகக் காத்திருக்கும்.

நிற்க. இவ்வண்டிகளில் இரண்டாவது எஞ்சினொன்றும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் பிறப்பிக்கும் ஜெனரேட்டரே அது. பெரும்பாலும் வண்டியின் தொட்டியிலிருந்தே அதுவும் பெட்ரோல் பெறும். பயன்படாது கிடந்தால், முதலிற் கெடுவது இதுவே. இதன் கார்புரேட்டர் சிறியதாதலால் பிசின் ஏறி விரைவில் அடைபடும். மாதமொருமுறை, மின்சாரப் பளு ஏற்றி, ஓரிரண்டு மணி நேரம் ஓட்டுவதே இதற்கு மருந்து. இது ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் பெரும்பாலும் இதிலேயே இருக்கும். பதினைந்தாண்டில் நாற்பது மணி நேரம் என்று அது காட்டுமாயின், வண்டியின் கதை முழுவதையும் அது சொல்லிவிட்டது எனக் கொள்ளலாம்.

இனி, வாங்குவோன் செய்யத்தக்க சோதனைகளைக் கூறுவோம். முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேர்தல் வேண்டும். விற்போன் முன்கூட்டியே ஓட்டிக் காயவைத்திருந்தால், மூடியைத் தொட்ட கை அதனைச் சொல்லிவிடும். அன்று திரும்பி வந்து மறுநாள் போதலே நலம். குளிர்ந்த எஞ்சினே மெய் பேசும். கிளப்பிய உடனே ‘டிக் டிக்’ என்று தட்டிச் சூடேறியபின் அடங்கும் ஓசை, புகைக்குழாய் ஆணி ஒடிந்ததற்கு அடையாளமாகலாம். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும்; சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்நீர் சிலிண்டருக்குள் புகுவதைக் காட்டும்; கரும்புகை, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற குழம்பு படிந்திருந்தால், ஈரம் உள்ளே உளது என்றறியலாம்.

இரண்டாவது, எண்ணெயில் சிறிது எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல். அதில் எவ்வெவ் உலோகத் துகள்கள் எவ்வளவு உள்ளன, குளிர்நீர் கலந்துளதா என்பன தெளிவாகும். வண்டியின் விலையை நோக்க இதற்காகும் செலவு மிகச் சிறிது. மூன்றாவது, எஞ்சினின் மின்னணு மூளையைக் கருவிகொண்டு வாசித்தல். 1996ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு இலகு வண்டிகளில் ஓ.பி.டி. இரண்டு என்னும் முறை கட்டாயமாயிற்று. மோட்டார் வீடுகள் பலவற்றிலும் அத்தகைய முனை உண்டு. பதிந்திருந்த குற்றக் குறிப்புக்களை விற்போன் முன்னாளே அழித்திருந்தால், எஞ்சினின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அக்கருவி காட்டிக்கொடுக்கும்.

நான்காவதும் தலையாயதும், மலைச் சோதனை. சமதரையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தல் போதாது. அருகில் நீண்ட ஏற்றம் எதுவோ அங்கே, இயன்ற அளவு பளுவுடன், முழு விசை கொடுத்து ஏற்றி, வெப்பமானியின் முள்ளை நோக்குதல் வேண்டும். முள் சிறிது ஏறி, விசிறி முழங்கியபின் நின்றுவிட்டால் குளிர்விக்கும் அமைப்பு நலமாயுள்ளது. நில்லாது ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரோ விசிறிப் பிடியோ நீர்ப் பம்போ குறையுடையது. இதனை இன்றே அறிவது நன்று. ஸ்டியரிங்கும் பிரேக்கும் எஞ்சின் தரும் உதவியைக் கொண்டே எளிதாக இயங்குவன; கனத்த வண்டி மலைச்சரிவில் இருக்கும்போது எஞ்சின் நின்றுவிடின் உள்ளிருப்போர் உயிருக்கே ஆபத்து.

டீஸல் எஞ்சின் இதனினும் சிறந்ததன்றோ என்று சிலர் வினவுவர். உயர்ந்த மலைகளில் அது அவ்வளவாகத் தளர்வதில்லை. நெடுந்தொலைவு ஓயாது ஓடுவோர்க்கு ஏற்றது. ஆயினும் அதன் விலையும் பழுதுச் செலவும் மிகுதி. நின்று துருப்பிடிக்கும் விதிக்கு அதுவும் விலக்கன்று. ஆண்டுக்குச் சில ஆயிரம் மைலே ஓட்டுவோர்க்குப் பெட்ரோல் எஞ்சினே போதும். காலனுக்கு 6 முதல் 10 மைல் வரையே அது தரும் என்பதை மட்டும் முன்னரே கணக்கிற் கொள்ள வேண்டும்.

முடிவாக ஒன்று கூறுவோம். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடுதல் பெருந்தவறு. எவ்வளவு ஆராய்ந்து வாங்கினும், முதலாண்டில் குழாய்கள், வார்கள், மின்கலம், குளிர்நீர், பிளக்குகள் இவற்றைப் புதுப்பிக்க ஒரு தொகை வேண்டியிருக்கும். காலத்தால் மூத்த டயர்களுக்கோ பெருந்தொகை வேண்டும். அத்தொகையைத் தனியே வைத்துவிட்டு, எஞ்சியதற்குள் அகப்படும் வண்டியை வாங்குவோனே வழியில் நிம்மதியாக உறங்குவான். வாங்கியபின் அதனைக் கொட்டகையில் வைத்துப் பூசிக்காது, அடிக்கடி ஓட்டக் கடவன். மைல் எண் பெருகுகின்றதே என்று வருந்தற்க. அவ்வெண் எஞ்சின் தேய்ந்ததன் கணக்கு மட்டுமன்று. அது துருவேறாது காக்கப்பட்டதன் கணக்குமாகும்.